பசங்க வரலையா?

நம்ம ஊர்ல சும்மா வெளிய போறது குற்றம் ஒண்ணும் இல்ல. ஆனா விளக்கம் கேட்பாங்க. பஸ் ஸ்டாண்டுல தெரிஞ்சவர் யாராவது பார்த்துட்டா "எங்க கிளம்பிட்டீங்க?"ன்னு வரும். "கல்யாணத்துக்கு"ன்னா சரி. "காதுகுத்துக்கு"ன்னா சரி. "ஆஸ்பத்திரிக்கு"ன்னா உடனே ஜன்னல் ஓரமா சீட் கூட பிடிச்சுக் கொடுப்பாங்க. "சும்மா, சுத்திப் பார்க்க"ன்னு சொல்லிப் பாருங்க, முகம் ஒரு மாதிரி ஆயிடும்.

இந்த 'சும்மா'வுக்கு ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. பசங்க! "பசங்க நச்சரிச்சுக்கிட்டே இருந்தாங்க, அதான்..."னு சொல்லிட்டா நாப்பது வயசு ஆளு படகுல போகலாம், ராட்டினம் சுத்தலாம், பஞ்சு மிட்டாய் தின்னலாம். யாரும் எதுவும் கேட்க மாட்டாங்க. பசங்களை முன்னாடி விட்டுட்டு பெரியவங்கதான் ஜாலியா இருக்காங்கன்றது எல்லாருக்கும் தெரிஞ்ச ரகசியம் :-)

அப்போ பசங்க இல்லாத பெரியவங்க என்ன பண்றது?

இதை எங்க கிளாஸ்ல கேட்டேன். "குழந்தைங்க இல்லாம பெரியவங்க மட்டும் ஒரு நாள் ஜாலியா போய்ட்டு வர இடம் சொல்லுங்கடா"ன்னேன். கேள்விய முடிக்கிறதுக்குள்ள பத்து பேர் பாண்டிச்சேரி பஸ்ஸைக் காட்டினானுங்க. நான் கேட்டது அது இல்ல மக்களே.

நான் கேட்டது எங்க சித்தி, சித்தப்பாவுக்காக. அம்மாவோட தங்கச்சி. சித்தப்பா விருத்தாசலத்துலயே ஒரு சின்ன எலெக்ட்ரிக்கல் கடை வெச்சிருக்கார். கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. குழந்தை இல்ல. கல்யாணத்துக்கு அப்புறம் பத்து பன்னிரண்டு வருஷம் அவங்க ரெண்டு பேரும் சேர்ந்து வெளிய போனது ரெண்டே ரெண்டு வகை இடத்துக்குத்தான். ஒண்ணு கோயில், இன்னொண்ணு ஆஸ்பத்திரி. எங்க போனாலும் ஒரே காரணம். பரிகாரம் சொன்ன ஊருக்கு எல்லாம் போயிருக்காங்க. அதுல ஒரு ஊரைக்கூட சரியா பார்த்ததில்லைன்னு சித்தி சொல்லுவாங்க. "பூஜை சாமான் வாங்கின கடை ஞாபகம் இருக்கு, டோக்கன் நம்பர் ஞாபகம் இருக்கு. ஊரு ஞாபகம் இல்லடா"ன்னாங்க ஒரு தடவை.

விசேஷ வீடுகளுக்குப் போறதையும் சித்தி மெல்ல மெல்லக் குறைச்சுக்கிட்டாங்க. "எத்தனை பசங்க?"ன்னு கேட்கிறது அவங்களுக்கு ஒரு பிரச்சனையே இல்லையாம். அது சாதாரணக் கேள்வி. "இல்லைங்க"ன்னு சொன்னதுக்கு அப்புறம் ரெண்டாவதா ஒண்ணு வரும் பாருங்க, "எந்த டாக்டர்கிட்ட காட்டுறீங்க?" அதுதான் பிரச்சனை. அதுல ஆரம்பிச்சா சாப்பாட்டுப் பந்தி முடியிற வரைக்கும் யோசனை சொல்லுவாங்க.

கொஞ்ச வருஷத்துக்கு முன்னாடி ரெண்டு பேரும் சேர்ந்து வைத்தியம் போதும்னு நிறுத்திட்டாங்க. அதுக்கு அப்புறம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை என்ன பண்றதுன்னே தெரியலையாம். அப்படி ஆரம்பிச்சதுதான் இந்த ஊர் சுத்தல். பாதி பயணத்துக்கு நானும் ஒட்டிக்கிட்டேன். சாப்பாட்டுப் பை தூக்க ஆள் வேணும் இல்ல?

1. நெய்வேலி

முதல்ல போனது நெய்வேலி புத்தகக் கண்காட்சி. 1998-ல ஆரம்பிச்சது, வழக்கமா ஜூன் கடைசி, ஜூலை பக்கம் நடக்கும். நமக்கு எட்டிப் பிடிக்கிற தூரம்தான்.

நெய்வேலின்னா நமக்கு நிலக்கரி மட்டும்தான் ஞாபகம் வரும். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் தன் நிலத்துல தண்ணிக்காக ஆழ்குழாய் போடப் போக, கருப்பா ஏதோ வந்துச்சு. அதுதான் பழுப்பு நிலக்கரின்னு கண்டுபிடிச்சு, 1956-ல கம்பெனி வந்துச்சு. சுரங்கத்துக்காக ஊரை விட்டவங்க கதை தனி, அது ஒரு நாள்ல எழுதி முடியாது. ஆனா டவுன்ஷிப் உள்ள நடந்து பாருங்க. அகலமான ரோடு, ரெண்டு பக்கமும் பெரிய பெரிய மரம். தெருவுக்கு பேர் கேட்டா வட்டம் நம்பர் சொல்லுவாங்க. சித்தி சொன்னது: "இங்க யாருக்கும் என்னைத் தெரியாது, எவ்ளோ நல்லா இருக்கு!"

அன்னிக்கு சித்தப்பா வீட்டு வயரிங் பத்தி ஒரு புத்தகம் வாங்கினார் (இருபது வருஷமா அதே வேலைதான் பண்றார்!). சித்தி மூணு நாவல் வாங்கினாங்க. சின்னப் பசங்களோட வந்தவங்க பாதி ஸ்டால் பார்க்கிறதுக்குள்ள "அப்பா, போலாம்ப்பா"ன்னு இழுத்துட்டுப் போயிட்டாங்க. இவங்க ரெண்டு பேரும் ஒரு ஸ்டால்ல முக்கால் மணி நேரம் நின்னாங்க. பசங்க இல்லாத பெரியவங்ககிட்ட மட்டும் தாராளமா இருக்கிற ஒரே சரக்கு இதுதான்னு எனக்குப் பட்டுச்சு. அவசரமே இல்லாத நேரம். அதுக்கு அப்புறம் இடம் தேர்ந்தெடுக்கும்போதெல்லாம் நான் பார்க்கிறது இதைத்தான். நின்னு நிதானமா பார்த்தா அந்த இடத்துல மேல மேல ஏதாவது கிடைக்குமா?

2. பழமலைநாதர் கோயில், ஆனா வேண்டுதல் இல்லாம

உள்ளூர்க் கோயிலை யாரும் பார்க்கிறதில்ல, கும்பிட்டுட்டு வந்துடறோம். சித்தியும் விருத்தகிரீஸ்வரர் கோயிலுக்கு நூறு தடவையாவது போயிருப்பாங்க, எல்லாம் வேண்டுதல். ஒரு சாயந்திரம் "இன்னிக்கு எதுவும் கேட்கக் கூடாது, வேடிக்கை மட்டும்தான்"னு முடிவு பண்ணிப் போனோம்.

இந்தக் கோயில்ல எல்லாமே அஞ்சு அஞ்சா இருக்கும். அஞ்சு கோபுரம், அஞ்சு பிரகாரம், அஞ்சு தேர், அஞ்சு தீர்த்தம். எண்ணிப் பார்த்துக்கிட்டே போறதே ஒரு விளையாட்டு. ஆகமத்துக்கு ஒண்ணுன்னு 28 லிங்கம். தரை மட்டத்துக்குக் கீழ படி இறங்கிப் போய் பார்க்கிற ஆழத்துப் பிள்ளையார். வெயில் நேரத்துல அங்க இறங்கினா ஒரு குளுமை இருக்கும் பாருங்க.

பி.காம் படிக்கிற எனக்கு இங்க ரெண்டு கதை ரொம்பப் பிடிக்கும். ஒண்ணு வன்னி மரம். விபசித்து முனிவர் திருப்பணி பண்ணப்போ கூலியா வன்னி இலையைக் கொடுத்தாராம். வீட்டுக்குப் போய் பார்த்தா அவங்கவங்க செஞ்ச வேலைக்கு ஏத்த மாதிரி காசா மாறியிருக்குமாம். பீஸ் ரேட் சிஸ்டம்! மேஸ்திரி ஏமாத்த வழியே இல்ல.

இன்னொண்ணு சுந்தரர் கதை. இங்க கிடைச்ச 12,000 பொன்னை மணிமுத்தாற்றுல போட்டுட்டு, திருவாரூர் கமலாலயக் குளத்துல எடுத்தாராம். 'ஆத்துல போட்டுக் குளத்துல தேடுறது'ன்னு பேச்சு வந்ததே இதுலதான்னு சொல்லுவாங்க. ஒரு பிராஞ்சுல போட்டு இன்னொரு பிராஞ்சுல எடுக்கிற வசதிக்கு பேங்க் கம்ப்யூட்டர் வர வரைக்கும் நாம காத்திருந்தோம். அதுவும் இல்லாம மனுஷன் போடறதுக்கு முன்னாடி மச்சம் வெட்டி, அதாவது மாதிரிக்கு ஒரு துண்டு எடுத்து, கையில வெச்சுக்கிட்டார். வர பொன் அதே தரமான்னு உரசிப் பார்க்க! கடவுள்கிட்டயே ஆடிட். இதை நான் சொல்லச் சொல்ல சித்தி சிரிச்ச சிரிப்புல பக்கத்துல பிரகாரம் சுத்தினவங்க திரும்பிப் பார்த்தாங்க. இந்தக் கோயில்ல சித்தி சிரிச்சு நான் பார்த்தது அன்னிக்குத்தான்.

3. பீங்கான்

வெளியூர்க்காரங்ககிட்ட விருத்தாசலம்னு சொன்னா ஒண்ணு ரயில்வே ஜங்ஷன்னு சொல்லுவாங்க, இல்ல பீங்கான்னு சொல்லுவாங்க. இந்தப் பக்கத்துக் களிமண்ணை நம்பி வந்த தொழில், தொழிற்பேட்டை, பீங்கான் தொழில்நுட்பம் சொல்லித் தர ஒரு அரசு நிறுவனம்னு எல்லாம் இருக்கு. ஆனா உள்ளூர்க்காரங்கள்ல எத்தனை பேர் ஒரு பீங்கான் பொம்மை செய்யறதை நேர்ல பார்த்திருப்போம்? கை தூக்குங்க பார்ப்போம்.

சித்தப்பா கடைக்கு பீஸ் கட்டை வாங்குற பழக்கத்துல ஒரு பட்டறையில சொல்லி வெச்சிருந்தார். கேட்டுட்டுத்தான் போகணும், வேலை நடக்கிற இடம், காட்சிசாலை இல்ல. போனா மூணு மணி நேரம் போனதே தெரியல.

பொம்மைக்கு மண்ணைத் தண்ணி விட்டு கூழ் மாதிரி கரைச்சுக்கிறாங்க. பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ்ல செஞ்ச அச்சுல அதை ஊத்துறாங்க. அச்சு தண்ணியை உறிஞ்சிக்கும். ஓரத்துல மண்ணு ஒட்டி சுவர் மாதிரி கட்டிக்கும். தேவையான கனம் வந்ததும் நடுவுல இருக்கிற கூழை மறுபடி கவுத்து ஊத்திடறாங்க. அதனாலதான் பொம்மைக்குள்ள காலியா இருக்கு. அப்புறம் காய வெச்சு, அச்சு சேர்ந்த இடத்துல இருக்கிற பிசிறைச் சீவி, ஈரத் துணியால தேய்ச்சு, மேல்பூச்சு கொடுத்து சூளை. ஆயிரம் டிகிரிக்கு மேல சூடு. உள்ள போன பொம்மை வெளிய வரப்போ கிட்டத்தட்ட பத்துல ஒரு பங்கு சுருங்கியிருக்கும், அந்தக் கணக்கை முதல்லயே போட்டு அச்சைப் பெருசா செய்யணும். எங்கயாவது ஒரு பக்கம் கொஞ்சம் வேகமா காய்ஞ்சா வளைஞ்சிடும், இல்ல விரிசல்.

அப்படி வளைஞ்சது ஒரு ஓரமா குவிச்சுக் கிடந்துச்சு. அதுல தும்பிக்கை லேசா கோணின ஒரு யானை. கையளவுதான். சித்தி எடுத்துப் பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அங்க வேலை பார்க்கிற அக்கா "எடுத்துக்கம்மா, காசு வேணாம்"னாங்க. சித்தி விடல, பத்து ரூபா கொடுத்துட்டுத்தான் எடுத்தாங்க.

திரும்பி வரப்போ தெருமுனையில பக்கத்து வீட்டம்மா. யானையைப் பார்த்துட்டு "யாருக்கு பொம்மை?"ன்னு கேட்டாங்க.

"எனக்கு"ன்னாங்க சித்தி.

அவ்ளோதான். பக்கத்து வீட்டம்மாவுக்கு மேல கேட்க எதுவும் கிடைக்கல. யானை இப்போ டிவி மேல இருக்கு.

4. கொளஞ்சியப்பர் கோயில்

ஊர்ல இருந்து கொஞ்ச தூரம்தான், மணவாளநல்லூர். 2021-ல டவுன் பஸ்ஸுல பெண்களுக்கு டிக்கெட் இல்லைன்னு ஆனதுக்கு அப்புறம் சித்தி இந்த மாதிரி பக்கத்து இடத்துக்கெல்லாம் தனியாவே போக ஆரம்பிச்சாங்க. டிக்கெட் காசு பெருசு இல்ல. காரணம் சொல்லி காசு வாங்க வேண்டியது இல்ல பாருங்க, அதுதான் பெருசு.

தெரியாதவங்களுக்கு: இங்க முருகன் உருவமா இல்ல, கல்லாத்தான் இருக்கார். விசேஷம் என்னன்னா பிராது. கலெக்டருக்கு மனு எழுதுற மாதிரி, நம்ம குறையை பேப்பர்ல எழுதி முனியப்பர் சன்னதியில கட்டணும். காரியம் நடந்துட்டா திரும்ப வந்து பிராதை வாபஸ் வாங்கணும். சுத்தமான ஆபீஸ் நடைமுறை.

நாங்க போனப்போ கொத்துக் கொத்தா பேப்பர் தொங்குச்சு. நான் ஒரு கணம் சித்தியைப் பார்த்தேன். அவங்க நேரா மரத்தடியில போய் உட்கார்ந்து புளிசாதப் பொட்டலத்தைப் பிரிச்சாங்க.

"நீங்க எழுதலையா சித்தி?"ன்னு கேட்டேன்.

"2009-லயே கொடுத்தாச்சுடா. பதில் வந்துடுச்சுன்னு வெச்சுக்கிட்டேன். அப்பீல் போறதா இல்ல"ன்னாங்க. கொஞ்ச நேரம் கழிச்சு "அப்போ வந்தப்போ இந்த மரத்தைப் பார்க்கவே இல்ல. எவ்ளோ நிழலு பாரு"ன்னாங்க.

சித்தப்பா ஒண்ணும் சொல்லல. ஊறுகாயை எடுத்து சித்தி பக்கம் நகர்த்தி வெச்சார்.

5. பிச்சாவரம்

கொஞ்சம் பெரிய பயணம். சேத்தியாத்தோப்பு, புவனகிரி வழியா சிதம்பரம், அங்கிருந்து இன்னொரு பஸ். காலையில சீக்கிரம் கிளம்பணும், வெயில் ஏறினா படகுல உட்கார முடியாது.

சுரபுன்னைக் காடு. 1,100 ஹெக்டேர்னு சொல்றாங்க, 2022-ல ராம்சார் பட்டியல்லயும் வந்துடுச்சு. துடுப்புப் படகுல போங்க, மோட்டார்ல போகாதீங்க. சின்னக் கால்வாய்க்குள்ள நுழைஞ்சா தலைக்கு மேல மரம் கூடாரம் போட்டிருக்கும். சில மரம் நண்டு கால் ஊனின மாதிரி வேர் ஊனி நிக்குது. சில மரத்துக்கு வேர் சேத்துல இருந்து மேல பார்த்து ஆணி ஆணியா நீட்டிக்கிட்டு இருக்கு. உப்புத் தண்ணிச் சேத்துக்குள்ள காத்து கிடைக்காது, அதனால வேர் வெளிய தலைய நீட்டி மூச்சு விடுது. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் வந்த தில்லை மரமும் இந்தக் காட்டு ஜாதிதான். ஊருக்குள்ள அந்த மரம் இல்ல, இங்கதான் பார்க்கணும். 2004 சுனாமியில இந்தக் காடு பின்னாடி இருந்த கிராமங்களுக்குத் தடுப்பா நின்னுச்சு.

படகுக்காரர் துடுப்பு போட்டுக்கிட்டே கேட்டார், "பசங்க வரலையா?"

எனக்குப் பக்குனு ஆச்சு. சித்தி "பசங்க இல்லைங்க"ன்னாங்க.

"அப்படிங்களா"ன்னார். அடுத்த துடுப்பு. "எம்ஜிஆர் இதயக்கனி இங்கதான் எடுத்தாங்க, தெரியுமா? 1975. அந்தப் பக்கம் காட்டுறேன் வாங்க."

ரெண்டாவது கேள்வி வரவே இல்ல. மீன்கொத்தி ஒண்ணு குறுக்க பறந்துச்சு. சித்தி தண்ணியில கையை விட்டுக்கிட்டு வந்தாங்க. படகுல இருந்து இறங்கறப்போ சித்தப்பா அவருக்குக் கூட அம்பது ரூபா கொடுத்தார். எதுக்குன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்காது.

கணக்கு

பிச்சாவரம் தவிர மத்த எந்த நாளும் மூணு பேருக்கும் சேர்த்து 500 ரூபாயைத் தாண்டல. சாப்பாடு வீட்டுல கட்டினது. அடுத்த லிஸ்ட்ல ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரமும், வழியில வீராணம் ஏரிக்கரையும் இருக்கு.

லண்டன் சயின்ஸ் மியூசியத்துல 'லேட்ஸ்'னு 18 வயசுக்கு மேற்பட்டவங்களுக்கு மட்டும் ராத்திரி நேரத்துல திறந்து வெச்சிருக்காங்க. பசங்க கூட்டம் இல்லாம பெரியவங்க நிதானமா எல்லாத்தையும் நோண்டிப் பார்க்க. நமக்கும் இது ஒண்ணும் புதுசு இல்ல. ஆடிப்பெருக்குக்குக் கலந்த சாதம் கட்டிக்கிட்டு ஆத்தங்கரைக்குப் போறது என்ன? காணும் பொங்கல் என்ன? ஊரைப் பார்க்கிறதுக்குன்னே ஒரு நாள் ஒதுக்கின ஜனங்கதான் நாம. என்ன, காலண்டர் அனுமதி கொடுத்தாத்தான் கிளம்புவோம். இவங்க ரெண்டு பேரும் சாதாரண ஞாயித்துக்கிழமை கிளம்புறாங்க, அவ்ளோதான் வித்தியாசம்.

அதனால உங்ககிட்ட ரெண்டு விஷயம். உங்க ஊர்ப் பக்கம் ஒரு நாள்ல போய்ட்டு வர மாதிரி, நின்னு பார்த்தா நேரம் போறது தெரியாத இடம் இருந்தா சொல்லுங்க, லிஸ்ட்ல சேர்த்துக்கிறேன். ரெண்டாவது, பஸ்ஸுலயோ படகுலயோ எங்கயாவது இப்படி ரெண்டு பேரைப் பார்த்தீங்கன்னா முதல் கேள்வி தாராளமா கேளுங்க. தப்பே இல்ல. அதுக்கு அப்புறம் எம்ஜிஆர் பத்திப் பேசுங்க.